கோயில் வீதியில் நான் சொன்ன ‘இல்லை’

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோட்டில் நிற்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கும். யாராவது இதைத் திருத்தி எழுதுவதென்றால் எழுத்தை மட்டும் திருத்துங்கள், நடந்ததைத் திருத்த வேண்டாம். ஒருமுறை ஒரு பேப்பர் என் கதையைத் திருத்திப் போட்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அதனால் இன்னொருவரின் பிள்ளைக்கு ஒன்றரை வருடம் போய்விட்டது.

எனக்கு நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டம் இருக்கிறது. பெண்பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவளுக்கும் இளையவளுக்கும் பதினெட்டு வயது வித்தியாசம். இளையவளுக்கு மூன்று வயது கடந்தும் ஒரு சொல் வரவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டாள். மோட்டர்த் தண்ணீர் தொட்டியில் விழும்போது மட்டும் கைகளை உதறிக்கொண்டு குதிப்பாள். மோட்டரை நிறுத்தினால் நிலத்தில் விழுந்து கத்துவாள்.

எங்கள் பகுதி மருத்துவமாதுதான் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்தார். அங்கே டொக்டர் பிள்ளையைப் பல நாட்கள் பார்த்துவிட்டு, இது ஆட்டிசம் என்றார். மருந்து கொடுத்து மாற்றும் வருத்தம் அல்ல, பழக்கப் பழக்கத்தான் பிள்ளை முன்னேறும் என்று சொல்லி, வியாழக்கிழமைகளில் பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொன்னார்.

அந்தப் பயிற்சி அறை மனநலப் பகுதிக்குப் பக்கத்தில் இருந்தது. என் மனைவி முதல் நாள் வாசல்வரை வந்தாள். அங்கே ஊரில் தெரிந்த முகம் ஒன்றைக் கண்டதும் முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பினவள், பிறகு வரவேயில்லை. நான்தான் பிள்ளையைச் சைக்கிளில் வைத்து பஸ் எடுக்கும் சந்திவரை கொண்டுபோவேன். வழியில் யாராவது கேட்டால், “பிள்ளைக்கு டொக்டரிட்டைப் பல்லுக் காட்டப் போறன்” என்பேன். இரண்டு வருடம் பல்லுக் காட்டினேன்.

அறைக்கு வெளியே உள்ள நடையில், உட்காருவதற்கு நீளமான வாங்கு ஒன்று. அதில் தாய்மார் நிறைந்திருப்பார்கள். ஆண்கள் என்று நானும் இன்னொருவரும்தான். அவர் கொடிகாமம் சந்தையில் மரக்கறி விற்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். வீட்டில் கைக்குழந்தை இருந்ததால் மனைவியை விட்டுவிட்டு நாலு வயது மகனோடு தானே வருவார். நான் வாய் திறக்க மாட்டேன், அவர் மூட மாட்டார்.

“அண்ணை, உந்த வாங்கிலை இருந்து இருந்து எனக்கு இனிச் சேலை கட்டுறது ஒண்டுதான் மிச்சம்,” என்று ஒரு நாள் சொல்லித் தாய்மாரையெல்லாம் சிரிக்க வைத்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நடையில் நான் சிரித்தது அதுதான் முதல்முறை.

பயிற்சி தந்தவர் இளம் வயது மிஸ். முதல் வேலையாக என்னிடம் கேட்டார்:

“உங்கடை பிள்ளைக்கு எல்லாத்திலும் பிடிச்சது என்ன?”

“தண்ணி விழுறது, மிஸ்.”

“அப்ப அதிலையே துவங்குவம். மோட்டரைப் போடுங்கோ. கொஞ்சத்தாலை நிப்பாட்டுங்கோ. உடனை திருப்பிப் போடக் கூடாது. பிள்ளையின்ரை உயரத்துக்குக் குந்தியிருந்து முகத்தைப் பாத்துக்கொண்டு பத்து எண்ணுங்கோ. அவள் உங்களைப் பாத்தாலும் சரி, கையைக் காட்டினாலும் சரி, ஒரு சத்தம் போட்டாலும் சரி, ‘போடு’ எண்டு நீங்கள் சொல்லிப்போட்டு மோட்டரைப் போடுங்கோ.”

“கத்தினா?”

“கத்துவாள். கத்தி ஓயுறவரைக்கும் பக்கத்திலை இருங்கோ. ஏசாதேங்கோ.”

அப்படித்தான் செய்தேன். இறைப்பு நாட்களில் வாழைக்குத் தண்ணீர் போக வேண்டிய நேரத்தில் மோட்டரை நிறுத்துவதும் போடுவதுமாக இருந்தேன். பக்கத்துத் தோட்டக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “மெய்யே, மோட்டரிலை பிழையோ, மண்டையிலை பிழையோ?” என்று கேட்டார். “மோட்டரிலைதான்” என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன்.

மூன்றாம் மாதம் அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் விரலைப் பிடித்து இழுத்துப்போய் சுவிச்சில் வைத்தாள். மிஸ் தந்த படங்களில் தண்ணீர்ப் படத்தை எடுத்து என் மடியில் வைக்கப் பழகினாள். நட்ட வாழை குலை தள்ளி, நான் அதை வெட்டியும் முடித்த பிறகு, ஒரு நாள் தொட்டியடியில் நின்று “போடு” என்றாள். நான் மோட்டரைப் போட மறந்துவிட்டேன். அவளே மறுபடியும் சொன்னாள்.

கொடிகாமத்துத் தம்பியின் மகனுக்குத் தராசு என்றால் உயிர். தராசுத் தட்டு ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பானாம். எங்களுக்கு மோட்டரைக் கொண்டு சொன்ன அதே வேலையை மிஸ் அவர்களுக்குத் தராசைக் கொண்டு சொன்னார். தகப்பன் தட்டைக் கையால் பொத்திக்கொண்டு காத்திருப்பார். என் மகள் கதைத்த செய்தியை நான் வாங்கில் மெதுவாகச் சொன்ன அன்று அவரும் ஒரு செய்தி வைத்திருந்தார்.

“அண்ணை, இண்டைக்கு என்ரை கையைத் தள்ளினவன்! தட்டிலை இருந்த கையைத் தள்ளிப்போட்டு என்னை நிமிந்து பாத்தவன்!”

பரிசு விழுந்தவர் மாதிரி எல்லோரிடமும் அதைச் சொன்னார்.

என் மனைவி அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். பிள்ளை கதைத்தால் நான் கோயில் வீதியில் பிரதட்டை செய்வதாக, அதாவது வீதியைச் சுற்றி உருண்டு வருவதாக. அதோடு, கோயில் விளக்கு எண்ணெயைப் பிள்ளையின் நாக்கில் தினமும் தொட்டு வைத்தாள். நான் தடுக்கவில்லை. நானும் கும்பிடுகிறவன்தான். அந்த ஆண்டுத் திருவிழாவில் ஈர வேட்டியோடு மூன்று சுற்று உருண்டேன். எழும்பி மண்ணோடு நின்றபோது ஒரு நிருபர் தம்பி போனைப் பிடித்துக்கொண்டு வந்தார். திருவிழாவைப் படம் எடுக்க வந்தவரிடம், “உவரின்ரை பிள்ளை கதைச்சிட்டுது” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“ஐயா, கோயில் எண்ணெய் பூசினனீங்களோ?”

“ஓம்.”

“அதுக்குப் பிறகுதான் பிள்ளை கதைச்சதோ?”

“ஓம்.”

“ஆஸ்பத்திரி, பயிற்சி எண்டும் கொண்டுபோனனீங்களாம்?”

ஆஸ்பத்திரியில் எங்களைக் கண்ட யாரோ சொல்லியிருக்க வேண்டும். நான் நிமிர்ந்து பார்த்தேன். சுற்றி நின்ற சனத்துக்குள் மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டாரும் நின்றார்கள். மாப்பிள்ளையின் தாய் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். மனநலப் பகுதிக்குப் பக்கத்து அறை என்று வெளியே வந்தால், அந்தக் குடும்பத்தில் விசர் இருக்கிறது என்றுதான் கதை போகும்.

“முந்தி ஒருக்கால் காட்டினது.”

“அதாலை ஏதும் பிரயோசனம் வந்ததோ?”

“இல்லை,” என்றேன்.

அவ்வளவுதான். அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இரண்டு வருட வியாழக்கிழமைகள், அந்த மிஸ், மோட்டர், படங்கள் எல்லாவற்றையும் ஒரு சொல்லால் இல்லாமல் ஆக்கினேன். அந்தச் சம்பந்தமும் சரிவரவில்லை. சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் பேப்பரில் வந்தது. ‘ஆட்டிசத்தை வென்றது அம்மன் எண்ணெய்’ என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் மண் பூசிய என் படம். ‘வைத்தியசாலைப் பயிற்சியால் பலன் இல்லாமல், அதைக் கைவிட்டு எண்ணெயை மட்டுமே நம்பிய தந்தை’ என்று எழுதியிருந்தார்கள். கைவிட்டோம் என்று நான் சொல்லவில்லை. எண்ணெயை மட்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வசனத்துக்கு விதை போட்டவன் நான். அதே கதையைப் பேப்பரின் போன் சனலிலும் விட்டிருந்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் தன் போனில் காட்டி, “உம்மடை மோட்டரிலை பிழை இல்லைப்போலை,” என்றார்.

அடுத்த வியாழன் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அதற்கடுத்த வியாழனும் போகவில்லை. மிஸ்ஸின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. மூன்றாவது வியாழன், பிள்ளை படக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். அதைப் பார்த்துவிட்டு வெளிக்கிட்டேன். மிஸ் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லது.

“பேப்பரைக் கொண்டுவந்து காட்டினவை, ஐயா. பயிற்சிக்கு வந்த ஆக்களிலை மூண்டு பேர் நிண்டிட்டினம். நான் சொன்னா, ‘அந்தத் தகப்பனே சொல்லுறார்தானே’ எண்டு கேக்கினம். நீங்கள் பேப்பருக்குப் போய் நடந்ததைச் சொல்லுவீங்களோ?”

“ஓம், மிஸ்,” என்றேன்.

நான் போகவில்லை. யாழ்ப்பாணம் போகும் நாட்களில் அந்தப் பேப்பர்க் கந்தோர் இருக்கும் தெருவால் போகாமல் சுற்றிப் போனேன். உள்ளே போய் யாரிடம் என்னவென்று தொடங்குவது என்று தெரியவில்லை. படித்தவர்கள் முன்னால் எனக்கு நாக்குப் புரளாது. நாளைக்கு, அடுத்த கிழமை என்று வைத்து வைத்துக் கடைசியில் அதை நினைப்பதையே விட்டேன்.

வாங்கில் கொடிகாமத்துத் தம்பியைக் காணவில்லை. அவர் அந்த மூன்று பேரில் ஒருவராக இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றவிடவில்லை என்று சொல்வதுதான் சரி. அவர் இரண்டு வருடமாக என் பக்கத்தில் இருந்தவர், என் மகளின் ஒவ்வொரு படியையும் அறிந்தவர். கிளினிக் நாளை மாற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய போன் நம்பர்கூட என்னிடம் இல்லை. மிஸ்ஸிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு கலியாண வீட்டு வாசலில் கட்டுவதற்கு குலையோடு வாழைகளை ஏற்றிக்கொண்டு கொடிகாமம் போனேன். இறக்கிவிட்டுத் திரும்பும்போது சந்தைக்குள் போய்ப் பார்த்தேன். அவர் கத்தரிக்காய்க் குவியலுக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் சாக்கில் மகன் இருந்தான். நன்றாக வளர்ந்திருந்தான். ஒரு கயிற்றுத் துண்டை முகத்துக்கு முன்னால் ஆட்டிக்கொண்டு, யார் வந்தார் போனார் என்று பார்க்காமல் இருந்தான்.

என்னைக் கண்டதும் அவர் எழும்பி, பக்கத்துக் கடைக்காரரிடம் இருந்து ஒரு கதிரை வாங்கிப் போட்டார்.

“அண்ணை, இருங்கோ. மகள் எப்பிடி?”

“நல்லாக் கதைக்கிறாள். பள்ளிக்கூடத்திலை சேத்திருக்கு.”

“கேள்விப்பட்டனான்.” கொஞ்சநேரம் கத்தரிக்காயை அடுக்கினார். பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டார்: “ஒண்டு கேக்கிறன், மறைக்காமச் சொல்லுங்கோ. நாங்களும் உங்கடை அம்மனிட்டைத்தான் எண்ணெய் எடுத்தது. ஒரு நாள் தவறாமல் வைச்சனாங்கள். மச்சம் மாமிசம் விட்டனாங்கள். எங்களுக்குப் பலிக்கேல்லை. நீங்கள் வேறை என்ன செய்தனீங்கள்?”

என்னால் அந்தக் கதிரையில் இருக்க முடியவில்லை.

“பயிற்சியை விட்டிட்டீங்களோ?”

“பிறகு? பேப்பரிலை நீங்கள்தானே சொன்னனீங்கள். நானும் யோசிச்சுப் பாத்தன், அண்ணை. ரெண்டு பேரும் ஒரே மிஸ்ஸிட்டைத்தான் போனம். ஒரே மாதிரித்தான் பழக்கினம். உங்கடை பிள்ளை கதைச்சிட்டுது, என்ரை பிள்ளை கதைக்கேல்லை. அப்ப வித்தியாசம் எண்ணெய்தானே? பேப்பர் வந்த பிறகும் ரெண்டு வியாழன் வந்து உங்களைப் பாத்துக்கொண்டு இருந்தனான், கேப்பம் எண்டு. நீங்கள் வரேல்லை. சரி, மனிசன் விட்டிட்டார், எனக்குச் சொல்லாமலே விட்டிட்டார் எண்டு நினைச்சன்.”

வெட்கத்தில் நான் ஒளிந்திருந்த அந்த இரண்டு வியாழன்களில் அவர் அங்கே எனக்காகக் காத்திருந்திருக்கிறார். நான் போயிருந்தால் அந்த வாங்கிலேயே விஷயம் முடிந்திருக்கும்.

சொன்னேன். பயிற்சியை நாங்கள் விடவேயில்லை, மூன்றாம் வியாழனே திரும்பிப் போனோம், இன்றும் போகிறோம், மோட்டராலும் படத்தாலும் மிஸ்ஸாலும்தான் பிள்ளை கதைக்கத் தொடங்கியது, என் மகள் பயிற்சி தொடங்கி வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் கதைத்தாள், அவருடைய மகன் அப்போதுதான் படியேறத் தொடங்கியிருந்தான், எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியதில்லை.

“அப்ப பேப்பரிலை ‘இல்லை’ எண்டு சொன்னது?”

“பொய்.”

“ஏன்?”

மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் முகத்தில் கோபம் வருமென்று பார்த்தேன். அவர் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அம்மா வந்து, “கத்தரிக்காய் என்ன விலை?” என்று இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார். பிறகு தம்பி என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“எனக்குச் சொல்லிப்போட்டியள். என்னைப் போலை இன்னும் எத்தினை பேர் உங்கடை படத்தை வெட்டி வைச்சிருக்கினமோ தெரியாது. பேப்பருக்குப் போங்கோ. இண்டைக்கே போங்கோ.”

அன்றைக்கே போக முடியவில்லை. அடுத்த நாள் காலை போனேன். அதே நிருபர் தம்பிதான் இருந்தார். மரியாதையாக இருக்கச் சொன்னார். நான் சொல்ல வந்ததைக் கேட்டுவிட்டு, போனில் எதையோ தேடி என் காதடியில் பிடித்தார். என் குரல். “அதாலை ஏதும் பிரயோசனம் வந்ததோ?” என்று அவர் கேட்கிறார். “இல்லை” என்று நான் சொல்கிறேன். கொஞ்சமும் தயங்காமல் சொல்லியிருக்கிறேன்.

“பாருங்கோ, ஐயா. நான் என்ன செய்ய?”

“தம்பி, நான் சொன்னது பொய். ஆனா ‘கைவிட்டு’ எண்டு நீங்களும் சேத்தனீங்கள். அந்த மிஸ்ஸிட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்.”

அவர் பேனையை மேசையில் உருட்டினார். “கேட்டிருக்கலாம்தான். உண்மையைச் சொல்லுறன், எண்ணெய்க் கதையைச் சனம் விழுந்து விழுந்து பாத்தது. ஆஸ்பத்திரிக் கதையை ஆர் வாசிக்கப் போகினம்?”

“மரண அறிவித்தல் பக்கத்திலை போடுங்கோ. அதை எங்கடை சனம் எல்லாரும் பாப்பினம்.”

அவர் சிரித்துவிட்டார். “அந்தப் பக்கத்திலை உங்கடை படத்தைப் போட்டா, ஐயா, நாளைக்கு உங்கடை வீட்டுக்குப் பந்தல் போட வந்திடுவினம்!”

“படம் வேண்டாம். எழுத்துப் போதும்.”

என் கைப்பட எழுதித் தரச் சொன்னார். அந்த மேசையிலேயே நாலு வரி எழுதினேன். நல்ல தம்பிதான் அவர். இந்த முறை அவர் மிஸ்ஸோடும் கதைத்தார். முதலில் ‘பயிற்சியால் குணமான சிறுமி’ என்று தலைப்பு வைத்திருந்தாராம். மிஸ் போனிலேயே மறித்துவிட்டார். “குணமானாள் எண்டு போடாதேங்கோ. பயிற்சியாலை கதைக்கப் பழகினாள் எண்டு போடுங்கோ. எல்லாப் பிள்ளையும் கதைக்கும் எண்டும் போடாதேங்கோ. சிலபேருக்குப் படம்தான் வாய். இன்னொரு அதிசயக் கதை எங்களுக்கு வேண்டாம்,” என்று சொன்னதாக நிருபரே எனக்குச் சொன்னார். அப்படியே ஐந்தாம் பக்கத்தில் வந்தது. மரண அறிவித்தல் பக்கத்தின் அடியிலும், ஐந்தாம் பக்கத்தைப் பார்க்கும்படி ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தார்கள்.

ஆனால் போன் சனலில் விட்டது இன்னும் சுற்றுகிறது. பேப்பர்காரர் தங்களுடையதை அழித்துவிட்டார்கள். முன்பே தங்கள் போனில் சேமித்து வைத்திருந்தவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் வவுனியாவிலிருந்து ஒரு தாய் எங்கள் கோயிலுக்கு எண்ணெய் எடுக்க வந்தார். ஐயர் என்னைக் காட்டிவிட்டார். அந்தத் தாயை மரத்தின் கீழ் இருத்தி முழுவதையும் சொன்னேன். “எண்ணெயைக் கொண்டுபோங்கோ, பிள்ளையின்ரை பயிற்சியை மட்டும் விடாதேங்கோ. விடச் சொல்லி அம்மன் ஒரு நாளும் கேக்கேல்லை, நான்தான் கேட்ட மாதிரி ஆக்கினனான்,” என்றேன். அவர் நம்பினாரோ தெரியாது. மண் பூசிய படத்தில் இருந்த மனிதன் சொன்னது இதைவிடச் சுலபமாக இருந்தது.

பேப்பரில் போட்ட நாலு வரியில் நடந்தது இருக்கிறது. ஏன் சொன்னேன், ஏன் ஒன்றரை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பது அதில் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொடிகாமத்துத் தம்பி மகனோடு திரும்பவும் கிளினிக்குக்கு வருகிறார். என்னை விட்டுத் தள்ளி, வாங்கின் மற்றத் தொங்கலில் இருப்பார். பகிடி விட்டு யாரையும் சிரிக்க வைப்பதில்லை. அவர் திரும்பி வந்த முதல் நாள் நான் மிஸ்ஸைத் தனியாகக் கண்டு, அந்தப் பிள்ளைக்குப் போன காலத்தைப் பிடிக்கலாமோ என்று கேட்டேன்.

“தெரியாது, ஐயா,” என்றார். “முந்தித் துவங்கினா நல்லது. இப்ப துவங்கினாலும் பிரயோசனம் இருக்கு. எவ்வளவு எண்டு ஆராலும் சொல்ல ஏலாது.”

நடைக்குத் திரும்பி வந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் போய், மிஸ் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அவருக்குச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். கதவு திறந்து மகனின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

ஐப்பசி மாதம் 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.